பழைய பேட்டரியை எடைக்குப் போட்ட அன்று நடந்தது: அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

கொழிஞ்சாம்பாறை விவசாயி:

மூன்று வாரமாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். இன்வெர்ட்டர் பேட்டரி ஐந்து வருடம் உழைத்து ஓய்ந்துவிட்டது. டவுனுக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பழைய சாமான் எடைக்கு வாங்க வரும் ஆக்ரிக்காரரின் வண்டியை நிறுத்தினேன். விலை படிந்தது. "ஆசிட் எடையில் சேராது, கொட்டிவிட்டுத்தான் தராசில் வைப்பேன்" என்றார். சரி என்றேன்.

50 கிலோவுக்கு மேல் கனக்கும் பெட்டி, ஒற்றை ஆளால் சாய்க்க முடியாது. "அந்தப் பக்கம் பிடியுங்கள் அண்ணா" என்றார். பிடித்தேன். ஆறு மூடிகளையும் கழற்றி, தென்னைக்குத் தண்ணீர் பாயும் வாய்க்காலில் சாய்த்தோம். எங்கள் பக்கம் கரிசல், சுண்ணாம்பு கலந்த மண். ஆசிட் பட்டதும் மண் சீறியது. வெள்ளை நுரை பொங்கியது. அதன் நடுவே சாம்பல் நிற வண்டல் ஒன்று மெல்ல வழிந்து இறங்கியது. அது ஈயம் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கையை எடுக்கவில்லை. "மண் கொதிக்கிறதே, என்னடா அது?" என்று அம்மா திண்ணையிலிருந்து கேட்டார். நான் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நுரை அடங்கிவிட்டது. வண்டல் அங்கேயே கிடக்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

வேலந்தாவளம் மெக்கானிக்:

உங்களுடையது ஈய பேட்டரி அண்ணா. என்னுடையது லித்தியம். மின்சார ஸ்கூட்டரின் பழைய பேட்டரியைப் பிரித்து, நல்ல செல்களைத் தனியாக எடுத்துக்கொண்டிருந்தேன். பென்சில் செல்லை விடச் சற்றுப் பெரியவை, 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். ஒன்றோடொன்று இணைக்கும் நிக்கல் பட்டையை வெட்டும்போது கத்தரி இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டது. முதலில் ஒரு விசில் சத்தம். அடுத்த நொடி செல் மேசையிலிருந்து பாய்ந்து சுவரில் மோதி விழுந்து புகைந்தது. வேலை பழக வந்த பையன் அதைக் காலால் தள்ளப் போனான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். மணல் வாளியைக் கவிழ்த்தேன். மணல் தீயை அணைக்கவில்லை, அடக்கி வைத்தது, அவ்வளவுதான். அரை மணி நேரம் கழித்தும் மணல் சுட்டது.

செத்துப்போன பேட்டரி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சாகவில்லை. அந்தப் பையனின் வெறுங்கால்தான் ராத்திரியில் நினைவுக்கு வருகிறது. இப்போது வெட்டும் வேலை கிடையாது, பேட்டரியை முழுதாகவே திருப்பி அனுப்புகிறேன். கோபால்ட், நிக்கல் உள்ள வகைக்கு வாங்குபவர்கள் நல்ல விலை தருகிறார்கள். இரும்பு பாஸ்பேட் வகை என்றால் தயங்குகிறார்கள், அதில் அந்த இரண்டும் இல்லை.

தத்தமங்கலம், பேட்டரிக் கடையில் 26 வருடம்:

கொழிஞ்சாம்பாறை தம்பி, வண்டியை நிறுத்தியதுதான் முதல் தவறு. கடையில் நான் இருந்தபோது ஒருவர் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்க வந்தார். தூக்கியபோது உள்ளே சரசரவென்று சத்தம். ஆசிட்டைக் கொட்டிவிட்டு எடைக்காக மணலை நிரப்பியிருக்கிறார். ஆசிட்டை எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டேன். "கிணற்றடியில்" என்றார். இது நடந்து பல வருடம் ஆகிறது, அவர் முகம் மறக்கவில்லை.

எல்லோருக்கும் சொல்கிறேன், பேட்டரியின் மூடியை வீட்டில் திறக்கவே கூடாது. ஆசிட்டோடு, நிமிர்த்தி, இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி, புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். பழையதைத் திரும்ப வாங்குவது விற்பவர் கடமை என்று 2001 விதிகளே சொல்லிவிட்டன. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்தன. ஸ்கூட்டர் பேட்டரி, கைப்பேசி பேட்டரி எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. முறையான ஆலையில் பெட்டியை நொறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் விடுவார்கள். பிளாஸ்டிக் மிதக்கும், ஈயம் மூழ்கும். மிதப்பதைக் கழுவி உருக்கினால் மறுபடி பேட்டரிப் பெட்டி. மூழ்கிய பசையிலிருந்து கந்தகத்தைப் பிரித்த பிறகு உலையில் வைப்பார்கள், புகையைத் துணிப் பைகளில் வடிகட்டுவார்கள். ஈயத்தை எத்தனை முறை உருக்கினாலும் அதன் தரம் குறையாது. உலகத்தில் ஆண்டுதோறும் உற்பத்தியாகும் ஈயத்தில் பாதிக்கு மேல் இப்படிப் பழையதிலிருந்து எடுப்பதுதான். அவ்வளவு மதிப்புள்ள பொருளை வாய்க்காலில் விடலாமா?

தம்பி செய்ய வேண்டியது இது. சுண்ணாம்பு தூவினால் ஆசிட்டின் வீரியம் போகும், ஈயம் போகாது. வண்டல் விழுந்த மேல்மண்ணை நனைத்து, தூசி பறக்காமல் வழித்து, மூடியுள்ள வாளியில் போடுங்கள். அந்த இடத்தில் கீரை விதைக்காதீர்கள். கோழியும் குழந்தையும் அங்கே போகக் கூடாது. கையில் ஆசிட் பட்டிருந்தால் உடனே தண்ணீரில் நெடுநேரம் கழுவியிருக்க வேண்டும், துணியால் துடைக்கக் கூடாது.

கஞ்சிக்கோடு, ஆக்ரிக் கடைக்காரர் மகள்:

ஐயா, புதியது வாங்குபவருக்கு நீங்கள் சொல்லும் வழி சரி. புதியது வாங்கக் காசில்லாமல் பழையதை விற்று அரிசி வாங்குபவர் எந்தக் கடைக்குப் போவார்? அவர் வீட்டு வாசலுக்கு வருபவர் என் அப்பா மட்டும்தான்.

அப்பா ஆசிட்டைக் கொட்டுவது விளையாட்டுக்கு இல்லை. அவரிடம் வாங்கும் பெரிய வியாபாரி காய்ந்த எடைக்குத்தான் பணம் தருவார். ஒரு பேட்டரியில் 15 லிட்டர் ஆசிட் என்றால் அந்த எடைக்கு அப்பா கைக்காசு போகும். அவருடைய லுங்கிகளை நான்தான் துவைப்பேன். கழற்றிப் போடும்போது நன்றாகத்தான் இருக்கும். தண்ணீரில் முக்கிப் பிழிந்தால் துணி கையோடு பிய்ந்து வரும், தொடைப் பக்கம் சல்லடை போல ஓட்டை. அதே இடத்தில் அவர் தோலிலும் கறுத்த புள்ளிகள் இருக்கின்றன. சட்டம் வந்த வருடத்தை எல்லோரும் சொல்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை கொண்டுவந்து கொடுத்தவர் யாருமில்லை. ஆசிட்டோடு வாங்கிக்கொள்ளும் வியாபாரி ஒருவர் கிடைத்தால் அப்பா அன்றே கொட்டுவதை நிறுத்திவிடுவார். இதை அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆரம்பாக்கம்:

பழவேற்காடு ஏரிக்கரையில், ஆந்திர எல்லையில் இருக்கிறோம். வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கும் ஈயக் குண்டுகளை வீட்டிலேயே வார்ப்போம். கடையில் வாங்கினால் விலை அதிகம். நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் லாரிகளின் பழைய பேட்டரித் தகடு மலிவாகக் கிடைத்தது. ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், விறகு அடுப்பே போதும். கொல்லையில் பழைய வடைச்சட்டியை வைத்துத் தாத்தா உருக்குவார். தகட்டின் சட்டம் உருகிக் கண்ணாடி போல மின்னும். அதில் அப்பியிருந்த பசை உருகாது, சாம்பல் தூளாக மேலே நிற்கும். சட்டி விளிம்பில் மஞ்சள் பூத்திருக்கும். அந்தத் தூளை வழித்து முருங்கை மரத்தடியில் கொட்டுவது என் வேலை. தங்கை அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். மண் தின்னும் பழக்கம் அவளுக்கு உண்டு.

இரண்டு வயதில் ஓயாத வயிற்றுவலி, வெளிறிய முகம். பூச்சி மருந்து கொடுத்தோம், மந்திரித்தோம். சென்னையில் ஒரு டாக்டர், "வீட்டில் யாராவது ஈயம் உருக்குகிறீர்களா?" என்று கேட்டார். தாத்தா தலையைக் குனிந்துகொண்டார். ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 31 மைக்ரோகிராம் இருந்தது. 5 தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. ஏழாம் வாய்ப்பாட்டில் பாதியில் நின்றுவிடுகிறாள், மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள். தாத்தா இறக்கும் வரை அவளை மடியில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

கொழிஞ்சாம்பாறை அண்ணா, அந்த மண்ணை இன்றைக்கே எடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை விவசாயி:

நேற்று எடுத்துவிட்டேன். நனைத்து வழித்ததில் இரண்டு பெயிண்ட் வாளி நிறைந்தது. ஆரம்பாக்கத்துக் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்க் கோழிகளைப் பிடித்துக் கூண்டில் அடைத்துவிட்டு வந்தார்.

கஞ்சிக்கோடு தங்கையே, ஆக்ரிக்காரரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. மறுமுனையைப் பிடித்தது என் கை. உங்கள் அப்பா எங்கள் பக்கம் வந்தால் கையுறை வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

வாய்க்காலிலிருந்து எங்கள் கிணறு 14 எட்டு. அளந்து பார்த்தேன். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், ஈயத்தையும் பார்க்க வேண்டும் என்று தனியாக எழுதிக் கொடுத்தேன். லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதாம். வியாழக்கிழமை முடிவு வரும். அதுவரை பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடிக்கத் தண்ணீர் எடுக்கிறோம்.

தத்தமங்கலம் ஐயா, அந்த இரண்டு வாளியையும் யாரிடம் ஒப்படைப்பது? கேட்டுப் பார்த்த இருவரும் மண்ணை வாங்க மாட்டோம் என்றார்கள். மாட்டுக் கொட்டகையில் மூடி, மேலே கல் வைத்திருக்கிறேன்.