'சீ' கெட்ட சொல்லா?

பால்மரத்தான் (சுங்கை சிப்புட், மலேசியா):
மார்கழிக்காகக் கோயிலில் பிள்ளைகளுக்குத் திருவெம்பாவை பழக்குகிறோம். இரண்டாம் பாட்டில் 'சீசீ இவையும் சிலவோ' என்று வந்ததும் ஒரு தாய் எழுந்து, "இந்தச் சொல் என் மகள் வாயில் வேண்டாம்" என்றார். மாணிக்கவாசகரையே திருத்த வேண்டுமாம்!

லயத்துப் பேத்தி:
அந்தத் தாய் நான்தான், ஐயா. அங்கே பேச விடவில்லை; இங்கே பேசுகிறேன். என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பால் நிறுக்கும் இடத்தில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், "சீ, தள்ளி நில்" என்பாராம். சாகும்வரை அதைச் சொல்லும்போது பாட்டிக்கு உதடு நடுங்கும். அகராதியிலும் இகழ்ச்சிக் குறிப்பு என்றுதானே இருக்கிறது?

பால்மரத்தான்:
பாட்டைப் படியுங்கள், அம்மா. "இராப்பகலாகப் பரஞ்சோதிமேல் பாசம் என்றாய், இப்போது படுக்கைமேலா நேசம்?" என்று தோழிகள் சீண்டுகிறார்கள். படுத்திருப்பவள் வெட்கத்தில் சொல்வதுதான் 'சீசீ'. 'சிலவோ'வுக்கு அடுத்த சொல்லே 'விளையாடி'. கட்டிய கணவனிடம் மனைவி "சீ, போங்கள்" என்பதும் இகழ்ச்சியா?

லயத்துப் பேத்தி:
'விளையாடி'க்கு அடுத்து 'ஏசும்' என்று வருகிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஒட்டுப்பால்:
இருவரும் பாட்டிலேயே நிற்கிறீர்கள். நான் ஒட்டுப்பால் மூட்டை தூக்கியவன். கோப்பையில் உறைந்த அந்த ரப்பர் பால் அழுகினால் வரும் நாற்றம் குளித்தாலும் போகாது. நாங்கள் அதைச் 'சீ' என்றதில்லை, சோறு போட்டது அதுதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைச் 'சீ' என்றார். தொல்காப்பியம் இளிவரலுக்கு, அதாவது இழிவு என்னும் உணர்வுக்கு, மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று நான்கு காரணம் சொல்கிறது. அதில் நாற்றம் இல்லை, கவனித்தீர்களா?

பால்மரத்தான்:
இளிவரல் வேறு, அருவருப்பு வேறு. சாணியை மிதித்தவன் 'சீ' என்பதற்கு மூப்பும் பிணியும் எதற்கு? பழைய மலாய்ப் படங்களில் வாளை உருவும் வீரன்கூட 'சிஸ்' என்றுதான் சீறுவான். அருவருப்புக்கு வாய் தானாகக் கோணுகிறது, அவ்வளவுதான். அந்தச் 'சீ'யை ஆளின்மேல் எறிந்தது கிராணியின் குற்றம். சொல் என்ன செய்யும்?

லயத்துப் பேத்தி:
மூப்பு, வருத்தம், மென்மை மூன்றும் என் பாட்டியிடம் இருந்தன. கிராணிக்கு அது தெரிந்திருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை.

இன்று காலை மகள் குளித்துக்கொண்டே அந்த வரியைத்தான் பாடினாள், 'சீசீ'யை நன்றாக இழுத்து. நான் கதவைத் தட்டவில்லை. ஆனாலும் கோயிலில் சொன்னது சொன்னதுதான், ஐயா.