பெர்லினில் கோட்டை மாதிரி ஒரு பீர் ஆலை, உள்ளே என்ன இருக்கிறது?

புதுக்குடி:
பெர்லின் வந்து மூன்று மாதம். எபர்ஸ்வால்டர் ஸ்ட்ராஸ ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் வழியில் மஞ்சள் செங்கல், கோபுரம், புகைபோக்கி எல்லாமாக ஒரு பெரிய கட்டடம். குல்டூர்பிரௌவெராய் என்று பெயர். பீர் ஆலை என்கிறார்கள், ஆனால் வாசலில் சினிமா போஸ்டர். அடுத்த வாரம் அம்மா வருகிறார். கூட்டிப் போகலாமா?

ஸ்ரெட்ஸ்கிவாசி:
தாராளமாகப் போகலாம். பதினோரு வருடமாகப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறேன். அது ஷூல்ட்ஹைஸ் கம்பெனியின் ஆலை. வரைந்தவர் ஃபிரான்ஸ் ஷ்வெஹ்டன். ஜூ ஸ்டேஷன் பக்கம் கோபுரம் உடைந்து நிற்கிறதே, அந்தக் கைசர் வில்ஹெல்ம் தேவாலயமும் அவர் கட்டியதுதான். கோட்டைக் களை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆலை ஏன் இந்த மேட்டில்? லாகர் பீர் வாரக்கணக்கில் குளிரில் கிடந்து பதமாக வேண்டும். குளிர்ப்பெட்டி வராத காலம். குளிர்காலத்தில் ஏரியில் வெட்டிய பனிக்கட்டியை ஆழமான நிலவறையில் அடுக்கி வைப்பார்கள். நகரத்தின் நடுவில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். இங்கே மேடு என்பதால் ஆழமாக இறங்க முடிந்தது. அதனால்தான் இந்தப் பக்கம் இத்தனை பழைய பீர் ஆலைகள்.

1967இல் பீர் காய்ச்சுவது நின்றது. 1974இல் பாதுகாக்கப்பட்ட சின்னமானது, அதனால் இடிபடாமல் தப்பியது என்பது என் எண்ணம். பெர்லின் சுவர் விழுந்தபின் கலைஞர்கள் உள்ளே வந்தார்கள், 1990களின் கடைசியில் முழுதாகப் புதுப்பித்தார்கள். பாய்லர் இருந்த கெஸ்ஸல்ஹௌஸில் (பாய்லர் வீடு என்றுதான் அர்த்தம்) இப்போது கச்சேரி. ஒருமுறை தூண் ஓரமாக நின்று கேட்டேன். பேஸ் கிட்டார் அடித்தபோது செங்கல் சுவர் முதுகில் அதிர்ந்தது. அந்தப் பெயரை மாற்றாமல் விட்டதே பெரிய விஷயம்.

டிராம்10:
ரொம்பப் புகழாதீர்கள். ஆறு முற்றத்தில் சூப்பர் மார்க்கெட், எட்டுத் திரை சினிமா, ஆபீஸ்கள்! பேரில் மட்டும்தான் 'குல்டூர்', அதாவது கலாசாரம்.

ஸ்ரெட்ஸ்கிவாசி:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருபத்தைந்தாயிரம் சதுர மீட்டர் வளாகத்தில் கூரைக்கு ஓடு மாற்ற யாராவது வாடகை கொடுக்க வேண்டாமா? அந்த சூப்பர் மார்க்கெட்டில்தான் நானும் தயிர் வாங்குகிறேன்.

புதுக்குடி:
அம்மாவுக்குக் கச்சேரி ஒத்துவராது. வேறு?

ஸ்ரெட்ஸ்கிவாசி:
கிழக்கு ஜெர்மனியின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி 2013இல் திறந்த மியூசியம் அங்கேயே இருக்கிறது. நான் போனபோது டிக்கெட் கிடையாது. திங்கட்கிழமை மட்டும் போய் நிற்காதீர்கள், பூட்டியிருக்கும். கூரைமேல் கூடாரம் கட்டிய டிராபான்ட் என்ற கிழக்கு ஜெர்மனிக் கார் ஒன்று உண்டு. என் மாமியார் அதன் முன்னால் கால்மணி நேரம் நின்று, "இதில் நாலு பேர் எப்படிப் படுப்பார்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முற்றத்தில் கருங்கல் பாவியிருக்கிறது, தட்டையான செருப்பு போட்டு வரச் சொல்லுங்கள்.

அப்புறம், கிளம்பும்போது பீர் ஆலை என்று சொல்லிவிடாதீர்கள். மியூசியம் என்று சொல்லுங்கள்.