அம்பாசடரின் ஹெட்லைட் சுவிட்ச்: சரிசெய்வதா, மாற்றுவதா?

கேள்வி (காட்பாடி):
என் தந்தையார் விட்டுச்சென்ற 1976ஆம் ஆண்டு அம்பாசடரில், ஹெட்லைட்டைப் போட்டுக் கால் மணி நேரம் ஓடியதும் வெளிச்சம் மங்கி, சில நேரம் அடியோடு அணைந்துவிடுகிறது. ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இருமுறை இருட்டில் நின்றேன். சுவிட்சின் குமிழைத் தொட்டால் சுடுகிறது. அவர் கைபட்ட சுவிட்ச் என்பதால் தூக்கிப்போட மனம் வரவில்லை.

பதில் (ஆம்பூர்):
குமிழ் சுடுகிறதென்றால் உள்ளிருக்கும் தொடுமுனைகள் கரிந்திருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு, ஒவ்வொரு ஒயரிலும் அடையாளத் துணி கட்டிவிட்டுச் சுவிட்சை வெளியே எடுங்கள். முனைகள் கறுத்திருந்தால் நைசான உப்புத்தாளால் தேய்த்தாலே போதும். உடல் விரிசல் விட்டிருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கழற்றிப் பார்த்தேன். உடலில் விரிசல் இல்லை. ஒரு முனை மட்டும் புளியங்கொட்டை போலக் கறுத்திருந்தது.

பதில் (இராணிப்பேட்டை):
தேய்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 12 வோல்ட்டில் இரண்டு 55 வாட் பல்புகள் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அத்தனையும் அந்தச் சிறிய முனை வழியாகவே போவதால்தான் அது மீண்டும் மீண்டும் கரிகிறது. டிம், பிரைட் இரண்டுக்கும் தனித்தனி ரிலே (சிறிய மின்சாரத்தால் இயங்கி, பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயில் 30 என்று எண்ணிட்ட முனைக்கும், 87இலிருந்து பல்புக்கும், டிப்பர் (டிம், பிரைட் மாற்றும்) சுவிட்சிலிருந்து வரும் ஒயரை 86க்கும் கொடுத்து, 85ஐ பாடியில் எர்த் செய்துவிட்டால், தந்தையாரின் சுவிட்ச் ரிலேயை இயக்கும் சொற்ப மின்சாரத்தை மட்டுமே தாங்கினால் போதும்.