கரிசல் மண்ணில் வெடித்த கார் தளம்: பேவர் பிளாக்கா, எபாக்ஸி பெயின்ட்டா?

எட்டயபுரம் ரோடு:
வணக்கம். வீடு கோவில்பட்டி பக்கம், சுத்தக் கரிசல். கேட்டில் இருந்து போர்டிகோ வரை 22 அடி நீளம், 10 அடி அகலத்தில் வெயிலில் கிடக்கிற தளம். அதை அடுத்து கூரைக்குக் கீழே போர்டிகோ, 14-க்கு 11. ரெண்டுமே 4 இஞ்ச் கான்கிரீட். கம்பி இல்லை, இடையில் ஜாயின்ட்டும் (தளத்தைத் துண்டாப் பிரிக்கிற வெட்டு) விடலை. போட்டு நாலு வருஷம் ஆச்சு.

வெளித் தளத்தில் குறுக்கே ரெண்டு வெடிப்பு. சித்திரையில் ஒரு ரூபாய்க் காசைக் குத்துவாக்கில் நிறுத்தினா வெடிப்புக்குள்ள நிக்கும். கார்த்திகையில் நகம்கூட நுழையாது. போர்டிகோவில் வெடிப்பு இல்லை, ஆனா தினம் கூட்டினாலும் வெள்ளையா தூசி வருது. மழை பெஞ்சா போர்டிகோ ஓரத்தில் ரெண்டு நாள் தண்ணி நிக்குது.

பெயின்டர் சொல்றது: வெடிப்பில் பட்டி வச்சு மொத்தத்துக்கும் எபாக்ஸி (பிசினும் அதை இறுக வைக்கிற ஹார்ட்னரும் கலந்து அடிக்கிற பெயின்ட்) அடிச்சிடலாம். பேவர் கடைக்காரர் சொல்றது: இருக்கிற கான்கிரீட் மேலேயே கிரஷர் டஸ்ட் (ஜல்லி உடைக்கும்போது வர்ற கல் தூள்) பரப்பி ரெண்டு நாளில் பதிச்சுத் தர்றேன். கேட் ரெண்டு கதவு, உள்பக்கம் திறக்கும், கதவுக்கும் தரைக்கும் ஒன்றரை இஞ்ச் இடைவெளி. ஒரு கார், ஒரு பைக் மட்டும்தான் வரும். எதைச் செய்யலாம்?

ரசமட்டம்:
அண்ணாச்சி, அந்த ஒரு ரூபாய்க் காசிலேயே பாதி பதில் இருக்கு. வெடிப்பு வெயிலில் விரிஞ்சு மழையில் மூடுதுன்னா அடியில் கரிசல் சுருங்கி ஊதிக்கிட்டிருக்கு. காசு நிக்கிற அளவுன்னா ரெண்டு மி.மீ.க்குக் கிட்ட அசைவு. எபாக்ஸி ரெண்டு கோட்டிங் சேர்ந்தாலே கால் மி.மீ. தடிப்புதான், அதுவும் இழுபடாத சரக்கு. இந்த ஐப்பசியில் அடிச்சீங்கன்னா பங்குனியில் அதே இடத்தில் பிளேடு வச்சுக் கிழிச்ச மாதிரி கோடு விழும். பட்டி வச்சா அது தனித் துண்டா பெயர்ந்து வரும். வெளித் தளத்துக்கு பெயின்ட் பேச்சே வேண்டாம்.

4 இஞ்ச் தளத்துக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு ஜாயின்ட் வெட்டணும். 22 அடிக்கு ரெண்டு. நீங்க விடாத அந்த ரெண்டையும் தளம் தானே போட்டுக்கிச்சு.

போர்டிகோ வேற கதை. அடியில் பேஸ்மென்ட்டுக்கு நிரப்பின சரளை இருக்கும், கரிசல் இருக்காது. அதான் வெடிக்கலை. அங்க பெயின்ட் நிக்கும். ரெண்டு இடத்துக்கும் ஒரே வேலைன்னு பார்க்காதீங்க.

தூக்குக்குண்டு:
பேவர் கடைக்காரர் சொல்றதும் தப்பில்லையே. பழைய கான்கிரீட்டை உடைச்சு அள்ளுற செலவு மிச்சம். அடித்தளம் ஏற்கெனவே கெட்டியா இருக்கு. நிறைய வீட்டில் இப்படித்தான் பதிக்கிறாங்க.

ரசமட்டம்:
பதிக்கிறாங்க, ஒத்துக்கிறேன். இவர் வீட்டில் மட்டம் ஒத்து வராது. பிளாக் 60 மி.மீ., அடியில் மணல் 25. மொத்தம் 85, அதாவது 3⅜ இஞ்ச். கேட்டுக்கு அடியில் இருக்கிறது ஒன்றரை. கதவை அறுக்கணும், இல்லைன்னா கீலை வெட்டி மேலே ஏத்தணும். கேட் வாசலில் ரோட்டைவிட மூணரை இஞ்ச் படி ஒண்ணு புதுசா முளைக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணி. பேவர் ஜாயின்ட் வழியா இறங்குற தண்ணி கீழே கான்கிரீட்டில் முட்டி நிக்கும். கிரஷர் டஸ்ட்டில் மாவு அதிகம், ஊறினா சேறு. டயர் ஏற ஏற அந்தச் சேறு ஜாயின்ட் வழியா மேலே பீய்ச்சும். ரெண்டு மழைக்காலத்தில் டயர் ஓடுற ரெண்டு கோடும் பள்ளம் விழும். நல்ல மண்ணுன்னா கான்கிரீட்டில் தாழ்வான இடம் பார்த்து ரெண்டு இஞ்ச் ஓட்டை போட்டு, பொடி ஜல்லி நிரப்பி, மேலே ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணியை விட்டு மண்ணைத் தடுக்கிறது) போட்டுத் தண்ணியைக் கீழே இறக்கிடலாம். கரிசலில் அதைச் செய்யவே கூடாது. ஓட்டைக்கு அடியில் மட்டும் மண் ஊதி, தளம் அங்கேயே முதுகு தூக்கும்.

எட்டயபுரம் ரோடு:
புரியுது. அப்ப வெளித் தளத்தை உடைச்சுட்டு பேவர். எவ்வளவு ஆழம் தோண்டணும்? டியூப் லெவல் (தண்ணி நிரப்பின மட்டக் குழாய்) வச்சுப் பார்த்தேன், போர்டிகோ முனைக்கும் கேட்டுக்கும் ரெண்டு இஞ்ச்தான் வாட்டம் இருக்கு. போர்டிகோ இந்தத் தளத்தைவிட 5 இஞ்ச் உயரம்.

மூலமட்டம்:
முதலில் வாட்டம். 22 அடிக்கு 2 இஞ்ச் என்றால் 132-க்கு 1. பேவருக்கு இது போதாது. 50-இல் இருந்து 60-க்கு 1 இருந்தால் நல்லது. கேட் முனையை ரோடு பிடித்து வைத்திருக்கிறது, இறக்க முடியாது. போர்டிகோ முனையை 2 இஞ்ச் ஏற்றுங்கள். மொத்த வாட்டம் 4 இஞ்ச் ஆகும். போர்டிகோ படியும் 5-இல் இருந்து 3 இஞ்ச் ஆகும், கார் ஏற நல்லது.

இங்கே கேட்டை மறக்கக் கூடாது. கதவு ஒவ்வொன்றும் 5 அடி, உள்பக்கம் திறக்கிறது, தரையும் உள்பக்கம்தான் ஏறுகிறது. சீராக வாட்டம் கொடுத்தால் கதவு முனைக்குக் கீழே 0.9 இஞ்ச் ஏறி, மிச்சம் அரை இஞ்சுக்குச் சற்று மேல்தான். ஒரு கூழாங்கல் கிடந்தாலும் சிக்கும். எனவே முதல் 5 அடிக்கு அரை இஞ்ச் மட்டும் ஏற்றி, மீதி 17 அடியில் மூன்றரை இஞ்ச் கொடுங்கள். அது 58-க்கு 1.

ஆழக் கணக்கு, மேலிருந்து கீழே: பிளாக் 60 மி.மீ., மணல் 25, வெட் மிக்ஸ் (ஜல்லியும் கல் தூளும் தண்ணீரோடு கலந்தது) 150. இதற்கே 235 மி.மீ., 9¼ இஞ்ச். கரிசலுக்காக அதற்குக் கீழே இன்னும் ஒரு அடி மண்ணை எடுத்துவிட்டு சரளை. கேட் பக்கம் ஆக மொத்தம் 21 இஞ்ச். சரளையை ஆறு ஆறு இஞ்சாக இரண்டு அடுக்கு, லேசாக நனைத்து, ஒவ்வொன்றையும் தனியாக இடித்து இறுக்க வேண்டும். ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் வைப்ரேட்டர் ஓட்டினால் அடி அடுக்கு இறுகாது. கரிசலுக்கும் சரளைக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் விரித்தால் களி மேலே ஏறாது.

குழியின் அடிப்பகுதிக்கும் அதே வாட்டம் வேண்டும். பலர் மேலே மட்டும் வாட்டம் பார்த்து அடியைச் சமமாக விட்டுவிடுகிறார்கள். அப்போது கரிசலுக்குள் ஒரு தொட்டி கட்டியது போலத்தான், உள்ளே இறங்கிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. கேட் முனையில் குறுக்காக ஓட்டை போட்ட 3 இஞ்ச் பிவிசி குழாய் பதித்து வெளி வாய்க்காலில் விடுங்கள்.

220 சதுர அடிக்கு சரக்கு: சரளை இறுகிய அளவில் 220 கன அடி, கொட்டும்போது 280 வேண்டும், மூன்று யூனிட்டுக்குச் (யூனிட் என்பது 100 கன அடி) சற்றுக் குறைவு. வெட் மிக்ஸ் ஒன்றரை யூனிட். அடி மணலும் ஜாயின்ட் மணலும் சேர்த்து 35 கன அடி. பிளாக் 200-க்கு 100 அளவு என்றால் சதுர மீட்டருக்கு 50. உங்களுக்கு 1,022 வரும், வெட்டுக்கும் உடைசலுக்கும் சேர்த்து 1,075 வாங்குங்கள்.

இரண்டு எச்சரிக்கை. காம்பவுண்டு சுவரின் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று ஓர் இடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். 21 இஞ்சைவிட மேலேயே நின்றால் சுவரை ஒட்டி முழு நீளமும் ஒரே நாளில் திறக்காதீர்கள். நாலு நாலு அடியாகத் தோண்டி நிரப்புங்கள். உடைத்த கான்கிரீட் கட்டிகளைக் குழியிலேயே தள்ளவும் விடாதீர்கள். கட்டிகளுக்கு நடுவே உள்ள சந்தில் மேல் மணல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒரு வருடம் கழித்துப் பள்ளமாகத் தெரியும்.

தூக்குக்குண்டு:
பிளாக் வாங்கும்போது பார்க்க வேண்டியது. கார் மட்டும் வர்ற இடத்துக்கு ஐஎஸ் 15658 (பேவர் பிளாக்குக்கான இந்தியத் தர விதி) படி 60 மி.மீ., எம்35 வலுத் தரம். 50 மி.மீ. அதில் போக்குவரத்து இல்லாத இடத்துக்கான வகை. கடையில் பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கிற ரப்பர் மோல்டு பிளாக்கைக் காட்டுவாங்க. மழையில் பைக் ஸ்டாண்டு போட்டா அந்த வழுக்கல் தெரியும். மெஷினில் அழுத்தின சொரசொர பிளாக் கேளுங்க.

ரெண்டைக் கையில் எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டினா கணீர்னு கேக்கணும். மொத்துன்னு கேட்டா சரியா தண்ணி ஊத்தி இறுக விடலை. 200-க்கு 100, 60 மி.மீ. பிளாக் 2.7 கிலோவுக்குப் பக்கத்தில் நிக்கணும். ஒண்ணை ஒரு நாள் தண்ணியில் போட்டு எடுத்து எடை பாருங்க, 6 சதவீதத்துக்கு மேல, அதாவது 160 கிராமுக்கு மேல குடிச்சிருந்தா அந்த லாட் வேண்டாம். ஒண்ணை உடைச்சுப் பார்த்தா கலர் எத்தனை மி.மீ. இறங்கியிருக்குன்னு தெரியும். பத்து பிளாக்கை அடுக்கினா 60 செ.மீ. வரணும். தடிப்பு ஏறி இறங்கினா மேஸ்திரி மணலில் சரிக்கட்டுவார், அது நாளைக்கு ஆடும்.

ரசமட்டம்:
பதிக்கிறதில் நாலு விஷயம். ஒண்ணு, அடி மணலில் சிமென்ட் கலக்க விடாதீங்க. "கெட்டியா நிக்கும் சார்"னு சொல்லுவாங்க. கரிசல் அசையும்போது சிமென்ட் கலந்த மணல் அங்கங்க வெடிக்கும், பிளாக்கை எடுத்து மறுபடி பதிக்கவும் முடியாது. பேவர் எடுக்கிறதே அதுக்குத்தான்: பத்து வருஷத்தில் ஒரு மூலை இறங்கினா, இருபது பிளாக்கைக் கழட்டி மணல் போட்டு அதே பிளாக்கைத் திரும்ப வைக்கலாம்.

ரெண்டு, ஓரம். தோட்டத்துப் பக்கம் 22 அடிக்கும் கெர்ப் கல் (ஓரத்தில் நிறுத்துற கல்), அதுக்குப் பின்னால கான்கிரீட் அணைப்பு. கேட் வாசலில் 6 இஞ்ச் அகலத்துக்கு கான்கிரீட் பட்டை. ஓரம் கட்டலைன்னா கார் பிரேக் போடப் போட வரிசை விலகி, 3 மி.மீ. ஜாயின்ட் விரல் நுழையுற அளவு ஆகிடும்.

மூணு, செங்கல் வரிசை மாதிரி நேரா அடுக்காம மீன்முள் மாதிரி பதிங்க. டயர் தள்ளுற விசை நாலு பக்கமும் பிரிஞ்சு போகும். வெட்டு கொஞ்சம் கூடும், கூடட்டும்.

நாலு, ஜாயின்ட்டில் மணல் போடாம ஒரு தடவை பிளேட் வைப்ரேட்டர் ஓட்டி, அப்புறம் நல்லாக் காஞ்ச நைஸ் மணலைப் பெருக்கி, மறுபடி ரெண்டு மூணு தடவை ஓட்டணும். ஈர மணல் ஜாயின்ட்டில் இறங்காது, மேல அடைச்சுக்கிட்டு நிறைஞ்ச மாதிரி ஏமாத்தும். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை பெருக்குங்க.

பெயின்ட் டப்பா:
போர்டிகோவுக்கு நான் சொல்றேன். தூசி வர்றதுக்குக் காரணம், போடும்போது தண்ணி அதிகமாகி சிமென்ட் பால் மேல வந்திருக்கும். அதை இழுக்க மேல வெறும் சிமென்ட்டைத் தூவித் தேய்ச்சிருப்பாங்க. அந்தத் தோல் மேல எந்த பெயின்ட் அடிச்சாலும் தோலோடதான் உரியும். ஆசிட் ஊத்திக் கழுவுறதைவிட மொசைக் பாலிஷ் மெஷினில் கரடுமுரடான கல் மாட்டித் தேய்க்கச் சொல்லுங்க. அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. உருண்டு நின்னா இன்னும் தோலோ எண்ணெயோ இருக்கு. உறிஞ்சினா சரி.

அடுத்து ஈரம். ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் ஷீட்டை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. எடுத்தா அடியில் முத்து முத்தா தண்ணியோ, தரையில் கருத்த தடமோ இருந்தா பெயின்ட் கூடாது. மழைக்காலத்தில் பார்த்தாத்தான் உண்மை தெரியும்.

154 சதுர அடிக்கு எபாக்ஸி பிரைமர் ரெண்டு லிட்டர், சால்வென்ட் இல்லாத எபாக்ஸி ரெண்டு கோட்டுக்கு நாலு லிட்டர், மேல பாலியூரித்தேன் ரெண்டு லிட்டர். போர்டிகோ முன் ஓரத்தில் வெயில் விழும், வெறும் எபாக்ஸின்னா அங்க மஞ்சளாகி மாவு மாதிரி உதிரும். அதுக்குத்தான் பாலியூரித்தேன், அதுவும் வெயிலில் மஞ்சளாகாத அலிஃபாட்டிக் வகைன்னு பார்த்து வாங்குங்க. தண்ணியில் கலக்குற சாதா ஃப்ளோர் பெயின்ட் வேண்டவே வேண்டாம். ஓடி வந்த டயர் சூட்டில் இளகி, ஆறும்போது இறுகி பெயின்ட்டைக் கவ்விக்கும். காலையில் காரை எடுத்தா டயர் அளவுக்கு நாலு திட்டு தரையைவிட்டுப் போயிருக்கும்.

எபாக்ஸியோட பிசின் டப்பா, ஹார்ட்னர் டப்பா ரெண்டையும் முழுசாக் கலக்கணும், கண் அளவுக்குப் பாதி எடுக்கக் கூடாது. மூணு நிமிஷம் மெஷினில் கலக்கி, வேற வாளிக்கு மாத்தி மறுபடி கலக்குங்க. டப்பா ஓரத்தில் ஒட்டினது கலக்காம வந்தா அந்த இடம் காயவே காயாது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல அடிங்க. காலையில் அடிச்சா வெயில் ஏற ஏற தளத்துக்குள்ள இருக்கிற காத்து விரிஞ்சு குமிழ் குமிழா கிளம்பும். முதல் கோட் ஈரமா இருக்கும்போதே நைஸ் குவார்ட்ஸ் மணல் பரவலாத் தூவினா வழுக்காது. கார் ஏத்த ஏழு நாள்.

எட்டயபுரம் ரோடு:
எல்லாருக்கும் நன்றி. மூணு சந்தேகம். எறும்பு ஜாயின்ட் மணலை வெளியே தள்ளிடும்னு சொல்றாங்களே? வேலையை எப்ப ஆரம்பிக்கலாம்? காம்பவுண்டுக்கு வெளியே ரோட்டோரம் பெரிய வேம்பு நிக்குது, அதனால ஏதும் பிரச்சினை வருமா?

மூலமட்டம்:
எறும்பு தள்ளும். வருடம் ஒரு முறை, மழைக்கு முன்னால், ஒரு மூட்டை காய்ந்த மணலைப் பெருக்கிவிடுவதுதான் பராமரிப்பு. கார் கழுவும்போது பிரஷர் வாஷரை ஜாயின்ட்டில் நேராகப் பிடிக்காதீர்கள், எறும்பு ஒரு வருடத்தில் செய்வதை அது பத்து நிமிடத்தில் செய்யும்.

வேம்பு கோடையில் கரிசலின் ஈரத்தை உறிஞ்சும். அந்தப் பக்கம் மண் அதிகம் சுருங்கும். அகலமான வெடிப்பு வேம்புப் பக்கம்தானா என்று பாருங்கள். ஆம் என்றால் தளம் அந்த மூலையில்தான் முதலில் இறங்கும், ஐம்பது பிளாக் கூடுதலாக வாங்கி மாடியில் அடுக்கி வையுங்கள். பிறகு அதே நிறம் கிடைக்காது.

தை, மாசியில் தோண்டுங்கள். சித்திரையில் கரிசல் முழுக்கச் சுருங்கிக் கிடக்கும், அதன்மேல் மட்டம் பார்த்தால் ஐப்பசியில் தூக்கும். மழையில் தோண்டினால் இடிக்கவே முடியாது. மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நின்று, விரலில் ஒட்டாமல் இருக்கிற பதம்தான் கணக்கு.

பெயின்ட் டப்பா:
பேவர் வேலை முடிஞ்ச பிறகே போர்டிகோ பெயின்ட். முன்னாடியே அடிச்சா, கான்கிரீட் உடைக்கிறவங்க கட்டியை அது மேலதான் போட்டு வைப்பாங்க.