சிம்மாசனமா, அரியணையா?

சேதுக்கரையான்: தொண்டிப் பக்கம் ஒரு பந்தல் கடையில் ‘மணமக்கள் சிம்மாசனம் வாடகைக்கு’ என்று போர்டு. கைப்பிடியில் சிங்கத்தலை, தங்கப் பெயின்ட், சிவப்பு வெல்வெட். ‘அரியணை’ என்று நல்ல தமிழில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

தொண்டிக்காரன்: அரியணை மட்டும் என்ன சுத்தத் தமிழா அண்ணே? சிங்கத்தைக் குறிக்கும் அரி, வடமொழி ‘ஹரி’. தலையணை, பஞ்சணை என்கிறோமே, அந்த அணைதான் நம்முடையது. சிம்மாசனத்தில் பாதியைத் தமிழாக்கினோம், அவ்வளவுதான்.

சேதுக்கரையான்: பட்டினப்பாலை கரிகாலனை ‘அரிமா அன்ன’ என்கிறது. அவ்வளவு பழைய சொல்லைப் போய் வடமொழி என்று தள்ளுகிறீர்கள். அரிதல் என்றால் அறுத்தல். இரையை அரிவதால் அரி. இதில் ஹரி எங்கே வந்தது?

தொண்டிக்காரன்: அறுப்பதெல்லாம் சிங்கம் என்றால் அரிவாளுக்கும் பிடரி முளைக்கும். சொல் பழையதாக இருப்பது வேறு, பிறந்த இடம் வேறு. ஹரிக்குக் குரங்கு என்றும் பொருள் உண்டு, அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள்.

கீழக்கரை லாத்தா: ரெண்டு பேரும் சிங்கத்தை விடுங்க. சங்க காலத்தில் அரச இருக்கைக்குக் கட்டில் என்றுதான் பெயர். ‘அரசு கட்டிலில் துஞ்சிய’ பாண்டியன் நெடுஞ்செழியன் தூங்கவில்லை, அதிலேயே உயிர் விட்டவர். முரசுக்கும் தனிக்கட்டில் உண்டு. புலவர் மோசிகீரனார் தெரியாமல் அதில் ஏறித் தூங்கிவிட, சேரமான் வாளை ஓங்காமல் பக்கத்தில் நின்று விசிறினானே, புறநானூறு 50-ஆம் பாட்டில்! சிங்கம் இல்லாமலே சொல் இருந்திருக்கிறது.

சேதுக்கரையான்: லாத்தா, ‘மணமக்கள் கட்டில் வாடகைக்கு’ என்று போர்டு வைத்தால் ஊர் என்ன சொல்லும்?

கீழக்கரை லாத்தா: அப்போ குர்சி என்று போடச் சொல்லுங்க, அரபியில் இருக்கைக்கு அதுதான் பெயர்! எங்க வீடுகளில் ‘ஆயத்துல் குர்சி’ என்ற குர்ஆன் வசனம் ஓதுகிறோம். அந்தக் குர்சி வானம் பூமியெல்லாம் விரிந்தது. மண்டபம் அகதி முகாமில் இலங்கைக்காரர்கள் எந்த நாற்காலியையும் கதிரை என்பார்கள், அது போர்த்துக்கீசியர் கொடுத்தது. இந்தக் கரையில் வந்து ஏறாத சொல் எது?

தொண்டிக்காரன்: கம்பனே ராமன் முடிசூடும்போது ‘அரியணை அனுமன் தாங்க’ என்று பாடினான். ஹரி அவனுக்கு உறுத்தவில்லை. அரியணை வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை அண்ணே, சிம்மாசனத்தை மட்டம் தட்டாதீர்கள் என்கிறேன்.

சேதுக்கரையான்: அந்த இடத்தில் அவன் சிம்மாசனம் என்று பாடவில்லையே! அப்புறம் என்ன? போர்டு எழுதுகிற தம்பியிடம் நானே போய்ப் பேசுகிறேன்.