ஏலக்காய்த் தோட்டச் சேற்றில் கார் புதைந்தால் எப்படி எடுப்பது?

கம்பத்துக்காரன்:
கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி வண்டன்மேடு பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் போகணும். ஆடி மழையில் மண்ரோடு களியாகிவிடுகிறது. சின்ன கார், முன்சக்கரம் இழுக்கிற வகை. டயர் சுற்றுகிறதே தவிர நகர்வதில்லை. ஜீப் வாங்கு என்று மட்டும் சொல்லாதீங்க சாமி.

போடி மாமா:
ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும் தம்பி. டயரைச் சுற்றிச் சேற்றை வழித்துவிடுங்க. பலகை மேல் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, அடியில் கல்லும் காய்ந்த கிளையும் திணிங்க. அப்புறம் இரண்டாவது கியரில் மெதுவாக. டயருக்கு நேராக ஆள் நிற்க வேண்டாம், கிளை பறக்கும்.

குமுளி டிரைவர்:
டயர் காற்றழுத்தத்தை 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் பிடிப்பு கூடும். மெட்டு இறங்குமுன் திரும்ப அடிச்சிருங்க.

டொரண்டோ தேனிக்காரன்:
இங்கே பனியிலும் இதே பாடுதான் அண்ணே. முதல் கியர், ரிவர்ஸ் என்று மாற்றி மாற்றி ஆட்டி எடுப்போம், மணல் தூவுவோம். ஆனால் முதல் வேலை, சைலன்சர் வாயை மூடிய பனியைத் தோண்டுவது. இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்து ஆளையே கொன்றுவிடும். உப்பு ஐஸுக்குத்தான், சேற்றில் கொட்டாதீங்க.

கம்பத்துக்காரன்:
கிளைக்குப் பதில் ஏலச்செடித் தட்டை போடலாமா மாமா?

போடி மாமா:
பச்சைத் தட்டை வழுக்கும். வேண்டாம்.