விளம்பரமே இல்லாமல் ஒரு சேனல் எப்படி ஓடுகிறது?

கேள்வி: இங்கே அமெரிக்காவில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்தால் டிஷ்ஷில் ஃப்ரீ ஸ்பீச் டிவி என்ற சேனலைப் போடுவேன். கூலி, சிறை, வீட்டு வாடகை என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சோப்பு விளம்பரம்கூட இல்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், "யார் மாப்பிள்ளை காசு தருகிறார்கள்?" என்கிறார். டிஷ் கம்பெனி ஏன் இடம் தருகிறது?

பதில்: பெருந்தன்மை எல்லாம் இல்லை, சட்டம். சாட்டிலைட் நிறுவனங்கள் தங்கள் சேனல் இடத்தில் ஒரு பங்கை லாப நோக்கமில்லாத கல்வி நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1992 கேபிள் சட்டம் சொன்னது. 1998-ல் எஃப்.சி.சி. (அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம்) அதை 4 சதவீதமாக வைத்தது. 1995-ல் கொலராடோவில் தொடங்கிய இந்தச் சேனல் அந்தக் கதவு வழியாகத்தான் நுழைந்தது. மதப் பிரசார சேனல்கள் வருவதும் அதே வழிதான்! பணம், நேயர்களும் அறக்கட்டளைகளும் தருவது.

இன்னொரு பதில்: நான் அதில் வரும் டெமாக்ரசி நவ் செய்தி நிகழ்ச்சிக்காக மட்டும் பார்க்கிறேன். 2016 செப்டம்பரில் வடக்கு டகோட்டாவில் எண்ணெய்க் குழாயை எதிர்த்த பழங்குடி மக்கள் மீது தனியார் காவலர்கள் நாய்களை ஏவியதை அதன் தொகுப்பாளர் ஏமி குட்மன் குழுதான் படம்பிடித்தது. கடைசியில் வழக்கு அவர் மீதே வந்தது. அக்டோபரில் கலவரக் குற்றச்சாட்டை நீதிபதி ஏற்கவில்லை. ஒரே எரிச்சல், நன்கொடை வாரம். செய்தி பாதி, உண்டியல் பாதி.

கேட்டவர்: சரி, மாமனாரிடம் சொன்னேன். "அப்போ நீ எவ்வளவு கொடுத்தே?" என்கிறார்.